கரையும் தகடும் ஏசும் அம்மனும்

பாத்திக்கரை என்று ஓர் ஊர் உண்டு. மூன்று பக்கம் உப்பளம், ஒரு பக்கம் தூத்துக்குடிக்குப் போகிற தார்ரோடு, நடுவே புத்தி என்று எடுத்துக்காட்ட ஒன்றுமில்லாத நானூறு தலைக்கட்டு. அந்த ஊரில் குட்டியானை லோடுவண்டி ஓட்டிப் பிழைக்கிற சிதம்பரவடிவின் இடது கால், ஆனி மாதத்து ஒரு காலையில், அவள் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தபோது, யாரும் தூக்காமல், யாரும் இழுக்காமல், போர்வையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு மெல்ல மெல்ல மேலே எழும்பி ஒரு முழ உயரத்தில் போய் நின்றுகொண்டது. காப்பி கொண்டுவந்த அவள் புருஷன் லிங்கதுரை அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு, தம்ளரை எங்கே வைப்பது என்றுதான் யோசித்தான்.

“ஏளா, காலைக் கீழ போடு. காப்பி கொட்டிரும்.”

“நானா தூக்கி வச்சிருக்கேன்? அதுவா போகுது.”

“அதுவா போனா அதுவா வரும்” என்று சொல்லிவிட்டு லிங்கதுரை பேப்பர் படிக்கப் போய்விட்டான். எதற்கும் அலட்டிக்கொள்ளாத மனிதன் என்று ஊரில் அவனுக்கு நல்ல பெயர். எதையும் செய்யாத மனிதன் என்பதுதான் சரி என்று கல்யாணமான முதல் மாதத்திலேயே வடிவு கண்டுபிடித்திருந்தாள்.

அந்தக் கால் ஒடிந்தது சித்திரைக் கடைசியில். உப்பள முதலாளி பொன்பாண்டி அண்ணாச்சியின் உப்புக் கிட்டங்கியில் இடம் போதவில்லை என்று மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூரை முட்ட அட்டி போட்டிருந்தார்கள். லோடு ஏற்ற வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்திவிட்டு இறங்கிய வடிவின் மேல் அந்த அட்டி அப்படியே சரிந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு துண்டு. அண்ணாச்சி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்து, வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தியிருக்கலாமே என்று புத்தி சொல்லி, அதில் இரண்டு பழத்தை அவரே உரித்துத் தின்றுவிட்டுப் போனார்.

ஆபரேஷன் செய்த டாக்டர் ஞானசிகாமணிக்குப் புதிதாக எது வந்தாலும் உடனே அதை யாருக்காவது வைத்துப் பார்த்துவிட வேண்டும். “ஸ்டீல் தகடு வச்சா அதை எடுக்கறதுக்கு இன்னொரு ஆபரேஷன் பண்ணணும்மா. இது மெக்னீசியம். எலும்பு சேர்றவரைக்கும் தாங்கும், அப்புறம் உடம்பே அதைக் கரைச்சுக் குடிச்சுடும்” என்றார்.

“எலும்பு சேருததுக்கு முன்னால அது கரைஞ்சிட்டுன்னா?”

டாக்டருக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ஒரு ஓட்டப்பந்தயம்தான் என்று ஒத்துக்கொண்டார். தகட்டின்மேல் தானாகவே ஒரு மெல்லிய தோல் படரும், அது இருக்கும்வரை தகடு மெதுவாகத்தான் கரையும், உப்பு அந்தத் தோலை அரித்து ஓட்டை போட்டுவிடும், இரத்தத்தில் இருக்கிற உப்பே போதும், அதற்குமேல் கூடாது. ஓட்டையான இடத்தில் குழி விழும், குழி விழுந்த தகட்டில் திடீரென்று பாரம் விழுந்தால் வெடித்துப்போகும். ஆனால் பாரமே படாவிட்டால் எலும்பு சேராது, எலும்பு என்பது சுமந்தால்தான் வளரும், ஆகவே காலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தரையில் ஊன்றிப் பழக வேண்டும். கரைகிறபோது வாயு வரும், உடம்பு அதைத் தானே வாங்கிக்கொள்ளும் என்று கடைசியில் சேர்த்துச் சொன்னார். இவ்வளவையும் சொல்ல அவர் எடுத்துக்கொண்ட நேரம், அண்ணாச்சி வாழைப்பழம் தின்ற நேரத்தைவிடக் குறைவு.

வடிவு அதில் ஒரு வார்த்தையையும் மறக்கவில்லை. இடது கால் கிளச்சை மிதிக்கிற கால். அது போனால் வண்டி போச்சு. வண்டி போனால் லிங்கதுரை சம்பாதித்துப் போட்டுத்தான் அவள் சாப்பிட வேண்டும், லிங்கதுரை சம்பாதித்ததைப் பார்த்தவர்கள் யாரும் இந்தப் பூமியில் இல்லை. ஆகவே கால் நேராக வேண்டும், அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

ஆனால் வாயுவை அவள் உடம்பு வாங்கிக்கொள்ளவில்லை. அதுதான் சதைக்கும் தோலுக்கும் நடுவே தங்கிக் காலைத் தூக்கியது. முதலில் கால், பிறகு இடுப்பு, பிறகு முழு உடம்பும் என்று ஆனி முடிவதற்குள் வடிவு தரைக்கு நாலு விரற்கடை மேலே நின்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள், கதவைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள், கையை விட்டால் காற்று அடிக்கிற பக்கம் நகர்ந்தாள். காலை எவ்வளவு அழுத்தினாலும் தரை எட்டவில்லை.

பாத்திக்கரை இதைக் கண்டு திகைத்துவிடவில்லை. எதிர்வீட்டு ரெஜினா, “வடிவக்கா, சும்மாதான நிக்கிய, எங்க முருங்கையில உச்சிக்கொப்புல ரெண்டு காய் கெடக்கு” என்று வந்து கூப்பிட்டாள். இன்னொருத்தி ஒட்டடைக் கம்போடு வந்தாள். மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் வந்து, மிதக்கிறவளின் முகத்தைப் பார்த்தே, இது பௌதிகப்படி நடக்க முடியாத காரியம் என்று தெரிவித்து, நடக்க முடியாததைப் பற்றி மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை என்று ஒரு டீயைக் குடித்துவிட்டுப் போனார். அந்தத் தகடு என்னத்தில் செய்தது என்று டீக்கடையில் பேச்சு வந்தது. உப்பு வாரிய பிறகு பாத்தியில் மிஞ்சுகிற கசப்புத் தண்ணீரிலும் அந்த உலோகம் இருக்கிறது என்று யாரோ படித்துச் சொல்ல, நாங்கள் காலங்காலமாக ஓடையில் வெட்டிவிட்ட தண்ணீர்தானே அது, அப்படியானால் அவள் எங்கள் அளத்துப் பிறப்பு என்று பொன்பாண்டி அண்ணாச்சி உடனே உரிமை கொண்டாடினார். அட்டி சரிந்ததும் அவர் அளத்துச் சமாச்சாரம்தான். அதை அவர் கொண்டாடவில்லை.

அளக்காரர்களுக்கு மழைதான் எமன். உலகமெல்லாம் மழைக்குக் கும்பிடும்போது பாத்திக்கரை மட்டும் மழை வராதிருக்கக் கும்பிடும். ஆடி பிறந்து பாத்திகளில் உப்பு வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடந்த நேரத்தில், தெற்கே கன்னங்கரேலென்று ஒரு மேகம் திரண்டது. ஊர் பதறியது. பதறிய ஊர், கோயிலுக்குப் போகாமல், வடிவின் வாசலுக்கு வந்தது. ஏனென்றால் கோயில் முத்தாரம்மன் எத்தனையோ காலமாகத் தரையிலேயே உட்கார்ந்திருந்ததில் அவளுக்கு மதிப்பு இறங்கிப்போயிருந்தது.

“தாயி, மழை வராம பாத்துக்கிடு தாயி” என்று அண்ணாச்சி வேட்டி மண்ணில் புரளக் கும்பிட்டார்.

ஆஸ்பத்திரியில் வாழைப்பழம் தின்ற அதே வாய். வடிவுக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது.

“பெய்யட்டும்லே! கொட்டோ கொட்டுன்னு கொட்டட்டும்! ஒங்க உப்பு பூரா கரைஞ்சு வந்த கடலுக்கே திரும்பிப் போகட்டும், கூறுகெட்ட மூதிகளா!”

மேகம் அரைமணி நேரம் யோசித்தது. பிறகு கிழக்கே திரும்பிக் கடலுக்குமேல் போய்க் கொட்டியது.

சாதாரண ஊராக இருந்தால் காற்று மாறிவிட்டது என்று சொல்லியிருக்கும். பாத்திக்கரை உட்கார்ந்து பேசி, இந்த அம்மன் சொல்வது தலைகீழாகப் பலிக்கும், சாபம் கொடுத்தால் வரம், ஏசினால் ஆசீர்வாதம் என்று தீர்மானித்தது. இதை எல்லோரும் ஒருமனதாக ஒத்துக்கொண்டார்கள். ஊர்ப் பொதுக்கழிப்பறையை எங்கே கட்டுவது என்பதில் இன்றுவரை ஒத்துக்கொள்ளாதவர்கள் அவர்கள்.

அதற்குப் பிறகு ஏச்சு வாங்க வரிசை நின்றது. பரீட்சை எழுதப் போகிறவன் ‘நீ வெளங்கமாட்டலே’ வாங்கிக்கொண்டு போனான், பெண் பார்க்கப் போகிறவன் ‘ஒம் மொகரைக்கு எவளும் கெடைக்கமாட்டா’ வாங்கிக்கொண்டு போனான், மலடி என்று பெயர் வாங்கியவள் அதைவிடக் கொடுமையான ஒன்றை வாங்கக் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தபடி நின்றாள், புதுவண்டி வாங்கியவன் அதை வாசலில் நிறுத்தி, ‘நாசமாப் போ’ என்று வடிவு வாய்திறந்து சொல்லும்வரை எலுமிச்சம்பழத்தை நசுக்காமல் காத்திருந்தான். அந்த மலடியைப் பார்த்தபோது மட்டும் வடிவுக்கு வாய் வரவில்லை. “வீட்டுக்குப் போளா” என்று மெதுவாகச் சொன்னாள். அவள் அதையே பெரிய ஏச்சாக எடுத்துக்கொண்டு சந்தோஷமாகப் போனாள்.

இருபது வருஷம் லாரி செட்டிலும் கிட்டங்கியிலும் ஆண்களோடு மல்லுக்கட்டி வடிவு சம்பாதித்து வைத்திருந்த ஒரே ஆயுதம் அந்த வாய். அவள் ஏசினால் எடைக்காரன் தராசைத் திருத்துவான், புரோக்கர் வழிவிடுவான். ஏச்சு வாங்குகிறவன் முகம் கறுக்க வேண்டும். அவன் பல்லைக் காட்டிக்கொண்டு இரண்டு கையையும் ஏந்தினால் ஏசுகிறவளுக்குத்தான் அவமானம். ஊரின்மேல் அவளுக்கு எப்போதும் மரியாதை கிடையாது. இப்போது அதைக் கண்டால் குமட்டியது.

எல்லோரையும்விட அவளைக் குமட்டவைத்தவன் லிங்கதுரை. அவன் ஒரு மஞ்சள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வரிசையை ஒழுங்குபடுத்தத் தொடங்கியிருந்தான். வாழ்நாளில் அவன் செய்த முதல் வேலை அதுதான். வீட்டுக்குள்ளேயும் அவளைத் ‘தாயே’ என்று கூப்பிட்டான்.

“உமக்கு நான் தாயா? உம்மப் பெத்த புண்ணியவதி கேட்டா நாண்டுக்கிட்டு சாவா.”

லிங்கதுரை கண்ணை மூடி அந்த ஏச்சைத் தலையில் வாங்கிக்கொண்டான்.

அடுத்து நடந்ததுதான் உப்பளத்து மூளைக்கு மட்டுமே தோன்றக்கூடிய காரியம். புதுப் பாத்தியில் முதல் உப்பு வாருவதற்கு முன்னால் வீட்டுப் பெண் ஒருத்தி அதில் கால் நனைப்பது அங்கே வழக்கம். அண்ணாச்சி தன் புதுப் பாத்தியில் அம்மன் கால் நனைக்க வேண்டும் என்றார். வடிவு முடியாது என்றாள், உப்பு இந்தத் தகட்டுக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னதை ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துச் சொன்னாள், தகடு குழி விழுந்து வெடித்துவிடும், என் கால் போய்விடும் என்று கத்தினாள். அம்மன் வேண்டாம் என்றால் வேண்டும் என்று அர்த்தம் என்று லிங்கதுரை ஊருக்கு விளக்கினான். ஒரு பழைய சேலையை அவள் இடுப்பில் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். கால் ஊன்ற முடியாதவளை எங்கே வேண்டுமானாலும் இழுத்துக்கொண்டு போகலாம். எதை உதைத்து அவள் நிற்பாள்?

நாலு ஆள் தோளைப் பிடித்து அமுக்க, பாத்தியின் கெட்டியான உப்புநீரில் அவள் கால் முழங்கால் வரைக்கும் இறங்கியது. தையல் ஆறிய தழும்பு வழியாக உப்பு உள்ளே போவது சுள்ளென்று தெரிந்தது. உள்ளே ஏதோ நுரைத்தது. பிடித்த கைகளை எடுத்ததும் அவள் ஓர் ஆள் உயரத்துக்குப் போனாள், ஊர் ஓவென்று குரவையிட்டது. அதிலிருந்து தினமும் காலையில் கால் நனைப்பு நடந்தது. அவள் எவ்வளவு உயரம் போகிறாளோ அவ்வளவுக்கு உப்பு விளையும் என்றார்கள். உப்பு எப்போதும்போலத்தான் விளைந்தது, அதை அளந்து பார்க்க யாருக்கும் நேரமில்லை.

ஆவணியில் டாக்டரிடம் போனபோது அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசினாள். ஞானசிகாமணி, வாயு வெளியேற்றம் எதிர்பார்த்ததைவிடச் சற்று அதிகம் என்று குறித்துக்கொண்டார். எக்ஸ்ரேயைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. தகட்டில் கறையான் தின்ற பலகைபோல் ஓட்டை, ஒரு திருகாணியின் பாதி இல்லை. எலும்பு முறிந்த இடத்தில் பஞ்சு மாதிரி ஏதோ படர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

“இன்னும் கெட்டியாகலைம்மா. தகடு ரொம்ப முன்னால ஓடிட்டு இருக்கு. உப்புப் பக்கம் போகாதீங்க. எப்படியாவது காலைத் தரையில அழுத்துங்க, நிதானமா. இப்போ எங்கேயாவது உயரத்துல இருந்து விழுந்தீங்கன்னா தகடும் போச்சு, எலும்பும் போச்சு. அப்புறம் அந்தக் காலை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது.” பிறகு குரலைத் தாழ்த்தி, “ஒரு மாநாட்டுக்காக ஒரு வீடியோ எடுத்துக்கலாமா? கம்பியை மட்டும் கொஞ்சம் விடுங்க” என்றார்.

இவனும் பாத்திக்கரைக்காரன்தான், பாஸ்போர்ட்டில் மட்டும் வேறு ஊர் எழுதியிருப்பான் என்று வடிவு நினைத்துக்கொண்டாள்.

அந்த மாதமே கோயில் கொடைத் திருவிழா வந்தது. ஊருக்கு இந்தக் கொடையில் அம்மன் வேப்பமர உச்சியைத் தொட வேண்டும் என்று ஆசை. மதியக் கொடைக்குப் பால்குடத்துக்குப் பதிலாக வீட்டுக்கு வீடு உப்புநீர்க் குடம் எடுத்தார்கள். நாதசுரம் முழங்க, வில்லுப்பாட்டுக்காரர் பாட, வடிவைக் கோயில் தூணில் கட்டிவைத்து, குடம் குடமாக அந்த ஒற்றைக் காலின்மேல் ஊற்றினார்கள். அவள் ஏசிய ஏச்சை எழுத முடியாது; ஒவ்வொரு ஏச்சுக்கும் கன்னத்தில் போட்டுக்கொண்டு அடுத்த குடத்தைத் தூக்கினார்கள். பிறகு இடுப்பில் ஒரு கயிற்றை மட்டும் கட்டிவிட்டு, தூணிலிருந்து அவிழ்த்தார்கள். கயிற்றின் மறுமுனை லிங்கதுரையின் கையில் இருக்க, வடிவு ஓட்டுக்கூரையைத் தாண்டி, மின்கம்பியைத் தாண்டி, வேப்பமரத்து உச்சிக்கும் மேலே போய் நின்றாள்.

அங்கேதான் காலுக்குள் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. சின்னச் சத்தம். இன்னொரு திருகாணியின் தலை போய்விட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. தகடு தீர்ந்தால் வாயு தீரும், வாயு தீர்ந்தால் விழுவாள், விழுந்தால் அந்தக் கால் இனி வெறும் பாரம். கீழே பார்த்தாள். நானூறு தலைக்கட்டும் வாயைத் திறந்துகொண்டு அண்ணாந்து நின்றது. மேலேயிருந்து பார்க்கிறபோதும் ஊர் அவள் நினைத்து வைத்திருந்ததைவிட ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. இதுகளிடம் கெஞ்சியும் பயனில்லை, ஏசியும் பயனில்லை. ஏசுவதைத்தானே கேட்கிறார்கள் என்று நினைத்தபோதுதான் அவளுக்கு மற்றது தோன்றியது.

வடிவு இரண்டு கையையும் கூப்பினாள். இருபது வருஷத்தில் யாரும் கேட்டிராத ஒரு குரலில், தேன் ஒழுகப் பேசினாள்.

“அண்ணாச்சி, நீங்க நல்லா இருக்கணும்.”

நாதசுரம் நின்றது. பொன்பாண்டி அண்ணாச்சியின் கையிலிருந்த தாம்பாளம் நழுவியது.

“ஒங்க அளத்துல மலை மலையா உப்பு வெளையணும். ஒரு சொட்டு மழை விழக்கூடாது. ஒங்க மகன் பெரிய உத்தியோகத்துக்குப் போகணும். நூறு வயசு வரைக்கும் ஒரு நோய்நொடி இல்லாம இருப்பிய அண்ணாச்சி.”

“தாயி! வேண்டாம் தாயி! நான் என்ன பாவம் செஞ்சேன்?” அண்ணாச்சி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

“ரெஜினா, ஒம் புள்ளைங்க ராசா மாதிரி...”

ரெஜினா அலறிக்கொண்டு பிள்ளைகளை முந்தானைக்குள் இழுத்தாள். சனம் ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஓடியது. தலைமையாசிரியர் ஓடியதைத்தான் முதலில் எல்லோரும் பார்த்தார்கள். வடிவு சிரித்துக்கொண்டே உரக்கச் சொன்னாள்: “இப்பவே மெதுவா என்னைக் கீழ எறக்கணும். எறக்கினா ஏசுவேன். எறக்கலைன்னா ஒருத்தர் விடாமப் பேர் சொல்லி வாழ்த்துவேன்.”

அந்த ஊர் எந்தக் காரியத்தையும் அவ்வளவு பொறுப்பாக அதற்கு முன்னால் செய்ததில்லை. முட்டைக் கூடையை இறக்குவதுபோல் சாண் சாணாகக் கயிற்றைச் சுற்றி அவளை இறக்கினார்கள். கிட்டங்கியில் துருப்பிடித்துக் கிடந்த பழைய இரும்பு எடைக்கற்களைக் கொண்டுவரச் சொன்னாள். சாக்கில் போட்டு இடுப்பைச் சுற்றிக் கட்டச் சொன்னாள். முதல் நாள் விரல் நுனி மட்டும் தரையைத் தொடுகிற அளவு, பிறகு பாதம், பிறகு குதிகால். உப்புநீர் அவள் தெருவுக்குள்ளேயே வரக்கூடாது. அவள் குளிக்க நல்ல தண்ணீர் குடம் குடமாக வர வேண்டும். அதற்குப் பதிலாகத் தினமும் காலையில் ஊருக்குக் கொஞ்ச நேரம் ஏச்சு.

அப்படி அவள் மனசாரச் செய்துவந்த ஒன்று கூலிவேலையாகிப்போனது. காலையில் எழுந்து முகம் கழுவி, வாசலில் நின்று, “சவத்த மூதிகளா, இன்னைக்காவது நாசமாப் போங்க” என்று கொட்டாவி விட்டபடி சொல்லுவாள், கூட்டம் திருப்தியாகக் கலையும். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். எடைக்கல் இடுப்பை அறுக்கும், முறிந்த இடம் தீப்பிடித்ததுபோல் எரியும், பல்லைக் கடித்துக்கொண்டு இடது காலை ஊன்றுவாள், எந்த நேரத்தில் இன்னொரு ‘டிக்’ கேட்குமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்த அடி வைப்பாள். அழுதாள், யாரும் பார்க்காதபோது. தகடு கரையக் கரைய வாயு குறைந்தது; வாயு குறையக் குறைய எடைக்கல்லை ஒவ்வொன்றாக அவிழ்த்துப்போட்டாள். உள்ளே எது முந்துகிறது என்று அவளுக்கு ஒரு துப்பும் இல்லை. இரவு படுக்கும்போது தழும்பைத் தடவி, “சேரு, சேரு” என்று எலும்பிடம் மட்டும் நல்லபடியாகப் பேசினாள்.

புரட்டாசிக் கடைசியில் ஒரு நாள் இடுப்பில் ஒரு கல்கூட இல்லாமல் அவள் தரையில் நின்றாள். வேறொரு டிரைவர் குட்டியானையை ஓட்ட, ஆஸ்பத்திரிக்குப் போனாள். எக்ஸ்ரேயில் தகடு இருந்த இடத்தில் புகைபோல ஒரு நிழல் மட்டும் இருந்தது. அதற்கடியில் எலும்பு கரடுமுரடாக, கணு விட்டு, ஒன்றாகச் சேர்ந்திருந்தது. பந்தயத்தில் எலும்பு ஒரு மூக்கு நுனி வித்தியாசத்தில் ஜெயித்திருந்தது. ஞானசிகாமணி, அந்தத் தகடு எவ்வளவு அருமையாக வேலை செய்திருக்கிறது பார்த்தீர்களா என்றார். வடிவு அவரை ஏசக்கூட இல்லை. வெளியே வந்து, டிரைவரைத் தள்ளி உட்காரச் சொல்லிக் குட்டியானையில் ஏறி, இடது காலால் கிளச்சை மிதித்து, கியர் போட்டு, பாத்திக்கரை வரைக்கும் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் தானே ஓட்டிவந்தாள்.

மறுநாள் காலையில் ஊர் ஏச்சுக்கு வந்து நின்றபோது அவள் லோடுக்குக் கிளம்பியிருந்தாள்.

ஐப்பசி பிறந்தது, மழை பிறந்தது. ஐப்பசியில் மழை பெய்வதும், உப்பளத்தை மூடுவதும் அந்த ஊரில் வருஷா வருஷம் நடப்பது. ஆனால் இந்த வருஷம் மட்டும், அம்மன் தரையில் கால் வைத்ததால்தான் மழை பெய்கிறது என்று பாத்திக்கரை கண்டுபிடித்தது. அது மட்டுமில்லை, மிதக்காதவளின் ஏச்சு வெறும் ஏச்சுதான் என்பதால், இத்தனை காலம் வாங்கிய ஏச்சையெல்லாம் நினைத்து நினைத்து ஊருக்கு இப்போதுதான் ரோஷம் வரத் தொடங்கியது. ரோஷத்துக்கும் மழைக்கும் சேர்த்து ஒரு கூட்டம் போட்டார்கள்.

ஒரு நாள் காலையில், வண்டியை எடுக்க வந்த வடிவை, சேறாகக் கிடந்த தெருவில் அவர்கள் மறித்து நின்றார்கள். முன்னால் லிங்கதுரை, மஞ்சள் துண்டோடு. அவனுக்குப் பின்னால் பொன்பாண்டி அண்ணாச்சி. அவருக்குப் பின்னால் ஊர்.

“தாயே” என்றான் லிங்கதுரை. பிறகு அவள் முகத்தைப் பார்த்துத் திருத்திக்கொண்டான். “ஏளா வடிவு, கோவப்படாம கேக்கணும். ஊர் நன்மைக்குத்தான் சொல்லுதோம். ஒனக்கு வலது கால் சும்மாதான கெடக்கு?”

வடிவுக்கு முதலில் புரியவில்லை.

“அட்டியை ரொம்ப மெதுவாச் சரிப்பாங்களாம். கீழ மெத்தை போட்டுருவோம்னு அண்ணாச்சி சொல்லுதாரு. டாக்டர்ட்டயும் பேசியாச்சு. தகடு கைவசம் இருக்காம்.”

அண்ணாச்சி, ஆமாம் என்று பெருந்தன்மையாகத் தலையாட்டினார்.

எந்த ஏச்சை எடுத்து இவர்கள்மேல் எறிந்தாலும் அந்த ஏச்சுக்குத்தான் கேவலம் என்று வடிவுக்குத் தோன்றியது. வலது காலில் நின்றுகொண்டாள். சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, இடது காலை மடக்கி, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து லிங்கதுரையின் நெஞ்சில் ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். அவன் மஞ்சள் துண்டோடு பறந்துபோய்ச் சேற்றில் மல்லாந்து விழுந்தான். காலுக்குள் ஒரு சத்தமும் கேட்கவில்லை. ஒரு வலியும் இல்லை. சேர்ந்த எலும்பு சேர்ந்தபடி அப்படியே நின்றது.

சேற்றில் கிடந்த லிங்கதுரை மெதுவாகக் கையைக் கூப்பினான். “தாயே, காலாலயே ஆசீர்வாதம் தந்துட்டியே!” என்று உருகினான்.

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து பரவியது. முகங்கள் மலர்ந்தன. பொன்பாண்டி அண்ணாச்சி யாரும் சொல்லாமலே தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, நாலடி முன்னால் வந்து, வாகாகத் திரும்பி, முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து முதுகைக் காட்டினார். அவருக்குப் பின்னால் தலைமையாசிரியர் இடம் பிடித்தார். அவருக்குப் பின்னால் வரிசை தெருமுனை வரைக்கும் நீண்டது.

வடிவு தன் இடது காலைப் பார்த்தாள். பிறகு அந்த முதுகைப் பார்த்தாள். இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த எலும்பை அதற்காகச் செலவழிக்க அவளுக்கு மனம் வரவில்லை.